ஊறப்போடாத இரண்டு தொட்டி

மழை வந்தால் சந்தோஷப்படாத ஆட்கள் எங்கள் பக்கத்தில் உண்டென்றால் அது நாங்கள்தான். அரிசி மில் களத்தில் நெல் காயவைக்கிறவர்கள். ஊரே மழைக்குக் கும்பிடும். நாங்கள் வெயிலுக்குக் கும்பிடுவோம்.

ஆனால் ஒரு வருஷம் ஐப்பசியில் ஒரு மழை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு லேசாகிறது.

என் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம். வேலை மண்ணச்சநல்லூரில். காலையில் பஸ் ஏறினால் கொள்ளிடம் பாலம், டோல்கேட், அப்புறம் மில். இருபது வருஷத்துக்கு மேல் அதே வழி. களத்தில் நாங்கள் ஆறு பெண்கள். நான் மூத்தவள்.

நெல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு ஒன்றரை நாள் ஊறவைப்பார்கள். பிறகு அவிப்பார்கள். அவித்ததைக் களத்தில் பரப்பி, காலால் கோடு கோடாகக் கிளறி, இரண்டு நாள் காயவைப்பது எங்கள் வேலை. பெரிய மில்களில் இதற்கு மெஷின் வந்துவிட்டது. எங்கள் மில் சின்னது. முதலாளியே குத்தகைக்கு எடுத்துத்தான் நடத்துகிறார்.

காய்ந்த நெல் மூட்டையில் மாதக்கணக்கில் இருக்கும். ஒன்றும் ஆகாது. தண்ணீர் பட்டுவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. ஊறியதை அவித்தாக வேண்டும். அவித்ததைக் காயவைத்தாக வேண்டும். அந்த நேரம் மழை பிடித்தால் நெல் புளிக்கும், நாறும். அரிசி கறுத்துப்போகும்.

அதனால் எங்கள் மில்லில் ஒரு வழக்கம். நெல்லைத் தொட்டியில் இறக்கலாமா என்று முதலாளி களத்து மூத்தவளைக் கேட்பார். அவள் வானத்தைப் பார்த்துச் சொல்வாள். தண்ணீர்க் குழாயைத் திறப்பதும் அவள் கைதான். வேறு யாரும் தொட மாட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவள் நின்றுகொண்ட பிறகு அது என்னிடம் வந்தது.

நான் ஒரு தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு கார்த்திகையில் இறக்கலாம் என்றேன். நெல்லை அவித்த அன்றே மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை. ஒரு தொட்டி நெல் கோழித் தீவனத்துக்குப் போனது. முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் தண்ணீர் இருந்தது. புரட்டாசி முடிவதற்குள் மேட்டூரை மூடிவிட்டார்கள். ஐப்பசி பிறந்தும் வெயில் சித்திரை மாதிரி அடித்தது. அம்மா மண்டபத்தில் துலா ஸ்நானத்துக்கு வந்தவர்கள், படித்துறையில் போட்டிருந்த குழாயடியில் வரிசையாக நின்று குளித்தார்கள். கொள்ளிடத்தில் வெறும் மணல். பஸ்ஸில் போகும்போது யாரும் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்ப்பதில்லை.

டிவியில் எல் நினோ என்றார்கள். கடல் சூடாகிவிட்டது, மழை குறைவு என்றார்கள். பஸ்ஸிலும் அதே பேச்சு. நான் உள்ளுக்குள் சரி என்று நினைத்துக்கொண்டேன். மழை இல்லாவிட்டால் எங்களுக்கு வேலை தடைபடாது. களத்துப் பெண்களிடம் நானே சொன்னேன். இந்த வருஷம் மழை லீவே இருக்காது என்று.

முதலாளி கிடைத்த குறுவை நெல்லை எல்லாம் வாங்கிப் போட்டிருந்தார். அந்த சீசனுக்கு அவரிடம் இருந்தது அவ்வளவுதான். தண்ணீர் இல்லாததால் அடுத்து சம்பா வருமோ வராதோ என்று இருந்தது. இந்த நெல் கெட்டால் அவர் மில்லைப் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். நாங்கள் ஆறு பேரும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாடியில் ஒரு டீச்சர் குடியிருக்கிறார். ஸ்கூலில் ஜியாகிரபி எடுக்கிறார். என் தங்கச்சி வயசு இருக்கும். காலையில் குழாயடியில் குடத்தோடு நின்றோம்.

"எங்களுக்கு யோகம் டீச்சர். இந்த வருஷம் மழையே கிடையாதாம்" என்றேன்.

"அப்படி யாரு சொன்னாங்கக்கா?"

"டிவியில. எல் நினோவாம்."

"அதுக்கு?"

"அதான் மேட்டூர்ல தண்ணி இல்லையே."

"மேட்டூருக்குத் தண்ணி எந்த மழையில வருதுக்கா? ஆனி ஆடியில மேற்கேர்ந்து வர்றது. கர்நாடகாவுல பேயணும். அது கொறைஞ்சிடுச்சு, சரி. நமக்கு ஐப்பசி மழை எங்கேர்ந்து வருது?"

"கிழக்கேர்ந்து."

"அப்ப ரெண்டும் ஒண்ணாக்கா?"

குடம் நிறைந்து வழிந்தது. அவர்தான் குழாயை மூடினார்.

பிறகு துவைக்கிற கல்லின் மேல் ஈரக் கையால் படம் போட்டார். பசிபிக் என்று ஒரு கடல். இருப்பதிலேயே பெரியது. வழக்கமாக அங்கே காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்குமாம். மேல் தண்ணீர் வெயிலில் சூடாகும். அந்த வெந்நீரை எல்லாம் காற்று மேற்கே தள்ளிக்கொண்டு வந்து குவிக்குமாம். குவிந்த இடத்தில் ஆவி எழும். மேகம் கட்டும். மழை கொட்டும். தள்ளிவிட்ட கிழக்குப் பக்கத்தில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். சில வருஷம் காற்று தளர்ந்துவிடும். குவிந்திருந்த வெந்நீர் திரும்பிக் கிழக்கே நகரும். ஆவி எழுகிற இடமும் கூடவே நகர்ந்துவிடும். நம் பக்கத்து ஆடி மழை அதனால் தளரும்.

"காத்து ஏன் தளருது?" என்றேன்.

"வெந்நீர் நகர்றதால."

"வெந்நீர் ஏன் நகருது?"

"காத்து தளர்றதால."

"என்ன டீச்சர், வெளையாடுறீங்களா?"

"நெசமாக்கா. புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி. அவரு மொறைச்சதால இவ பேசல. இவ பேசாததால அவரு மொறைக்கிறாரு. யாரு ஆரம்பிச்சதுன்னு கேட்டா ரெண்டு பேரும் அடுத்தவங்களைக் காட்டுவாங்க. அப்படியே ஒரு வருஷம் போல வளரும். அப்புறம் தானா ஓயும். சில சமயம் நேரெதிரா திரும்பிக்கும். ரெண்டு வருஷத்துல திரும்ப வரும், இல்லாட்டி ஏழு வருஷம் கூட ஆகும்."

"எங்க வீட்டுல ஓயறதுக்கு முன்னாடி அவரு ஓடியே போயிட்டாரு" என்றேன்.

டீச்சருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் சிரித்த பிறகு அவரும் சிரித்தார்.

"அப்ப ஐப்பசி மழை?"

"அந்தக் கடல் இப்படி சூடாகுற வருஷத்துல, கிழக்குக் காத்து நம்ம பக்கம் ஈரத்தோட வர்றது பெரும்பாலும் கூடத்தான் செய்யும்க்கா. கொறையாது."

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பாதி புரிந்தது. மீதி புரியவில்லை.

மறுநாள் மில்லில் புரிந்தது. நெல் அவிக்கிற கூடத்தில் இரண்டு உமி அடுப்பு. கூடத்துக்குக் கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு. எந்த அடுப்பை ஓங்கி எரிக்கிறார்களோ அதை நோக்கித்தான் காற்று வரும். அடுப்பு மாறினால் காற்று நுழைகிற கதவும் மாறும். மேலக் கதவில் காற்று இல்லையே என்று உட்கார்ந்திருந்தால், கீழக் கதவு வழியாகப் புகை கண்ணில் அடிக்கும். வேலைக்கு வந்த முதல் வருஷத்திலேயே கண் எரிந்து தெரிந்துகொண்ட விஷயம் அது. கடலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மேற்குக் கதவைப் பார்த்துக்கொண்டு கிழக்குக் கதவை மறந்தது நான்தான்.

முதலாளி வந்தார்.

"ஏம்மா, இறக்கிடலாமா? மூணு தொட்டியும் இறக்கிருவோம். தீபாவளிக்கு முன்ன அரைச்சு அனுப்பிட்டா நிம்மதி."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"ஒண்ணு இறக்கலாம் மொதலாளி."

"ஒண்ணா? மேல பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சொல்றே?"

"ஆமா."

களத்தில் இருப்பவர்களில் சின்னவள் ஒருத்தி. வாய் சும்மா இருக்காது. "அக்கா, மழை லீவே இல்லன்னு போன வாரம் சொன்னது நீதானே?"

"நான்தான்."

"இப்ப மழை வரும்ங்கிறே."

"ஆமா."

"பேசாம அரசியல்ல சேந்துரு அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "காரணம் என்னன்னு சொல்லும்மா."

எனக்கு நீளமாகப் பேச வராது. "பசிபிக் கடல்" என்றேன்.

"மண்ணச்சநல்லூர் களத்துல மழை வருமான்னு கேட்டா அமெரிக்காவுல இருந்து ஆரம்பிக்கிறியே!"

"தார்ப்பாய் ரெண்டுதான் இருக்கு மொதலாளி. ஒரு தொட்டி நெல்லைத்தான் மூட முடியும்."

கடல் புரியவில்லை என்றாலும் தார்ப்பாய் அவருக்குப் புரிந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சரி, ஒண்ணு இறக்கு" என்று போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வெயில். புதன்கிழமை அதைவிட வெயில். அவித்து வந்த நெல்லைப் பரப்பினோம். சூட்டில் கால் வைக்க முடியவில்லை. மூன்று தொட்டி நெல் பரப்புகிற களத்தில் ஒரு தொட்டி நெல் ஒரு மூலையில் கிடந்தது. மீதி சிமெண்டுத் தரை சும்மா காய்ந்தது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று தடவை குறுக்கே நடந்தார்.

"அக்கா, உன் கடல் எது வரைக்கும் வந்திருக்கு? சமயபுரம் தாண்டிருச்சா?" என்றாள் சின்னவள்.

"வருது."

"அம்மனைக் கும்பிட்டுட்டு மெதுவா வரட்டும்."

புதன் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கே பயம் வந்தது. பாலத்துக்கு அடியில் மணல் வெள்ளையாக எரிந்தது. எங்கேயோ இருக்கிற தண்ணீர் நகர்ந்ததற்கு இங்கே நான் முதலாளியோடு மல்லுக்கு நிற்கிறேன். மழை வராவிட்டால் அடுத்த தடவை என்னிடம் கேட்க மாட்டார். கேட்காமலே இறக்குவார். இறக்குகிற அன்று மழை வந்தால் மீதி இரண்டும் போகும்.

மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "டீச்சர், உறுதிதானே?"

"உறுதின்னு சொல்ல முடியாதுக்கா. பெரும்பாலும் அப்படி நடக்கும். எல்லா வருஷமும் நடக்காது. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல" என்று இறங்கி வந்தேன்.

வியாழக்கிழமை முதலாளி என்னைக் கேட்கவில்லை. நான் போவதற்குள் சுமைதூக்குகிறவர்கள் மூட்டைகளைத் தொட்டிக் கொட்டகைக்குள் கொண்டுவந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீதி இரண்டு தொட்டியிலும் நெல்லைக் கொட்டி நிரப்பினார்கள். பத்தரை மணிக்கு முடிந்தது.

"தண்ணியைத் திறம்மா" என்றார்.

"மொதலாளி..."

"மூணு நாள் உன் பேச்சைக் கேட்டாச்சு. இனிமே முடியாது. திற."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழாயிடம் போனேன். கையை வைத்தேன். அப்போதுதான் வெளியே பார்த்தேன். மூன்று நாளாக மில் புகை கூண்டுக்கு மேலே நேராக எழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மேற்கே சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான். அப்படியென்றால் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கொண்டல் காற்று. கழுத்து வேர்வையில் அது பட்டபோது குளிரவில்லை. பிசுபிசு என்று ஒட்டியது.

"சாப்பிட்டு வந்து திறக்கிறேன்" என்றேன்.

"மணி பதினொண்ணுகூட ஆகல, சாப்பாடா?"

"காலையில சாப்பிடல."

அது பொய். காலையில் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு களத்து ஓரமாக உட்கார்ந்தேன். புளிச்சோறு, கத்தரிக்காய் வதக்கல். பசி இல்லை. ஒவ்வொரு வாயாக எடுத்து மென்றேன். அவ்வளவு மெதுவாக என் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. மற்றவர்கள் காலால் நெல் கிளறிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

கொட்டகையிலிருந்து முதலாளி சத்தம் போட்டார். "என்னம்மா, கல்யாணப் பந்தியா?"

"பல்லுவலி மொதலாளி."

"நேத்து முறுக்கைக் கடகடன்னு கடிச்சியே அக்கா" என்றாள் சின்னவள். நான் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவளும் புகைக்கூண்டை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்லவில்லை. அவளாகத்தான் பார்த்தாள். "அக்கா..." என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கிழக்கே வானம் அடியில் கறுத்தது. கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. வெயில் பட்டென்று போனது. நான் டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "குவி" என்றேன். ஆறு பேரும் பலகையை எடுத்துத் தள்ளினோம். களத்தின் நடு மேடாக இருக்கும். நெல்லை அங்கே குவித்து, இரண்டு தார்ப்பாயையும் இழுத்துப் போட்டு, சுற்றிச் செங்கல் வைத்தோம். கடைசிக் கல்லை வைக்கும்போது பெரிய பெரிய சொட்டாக விழுந்தது. கொட்டகைக்குள் ஓடுவதற்குள் முழுக்க நனைந்துவிட்டோம்.

கூரைத் தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. முதலாளி தொட்டிப் பக்கம் நின்றார். குனிந்து தொட்டிக்குள் கையை விட்டு நெல்லை அள்ளிப் பார்த்தார். காய்ந்த நெல். விரல் இடுக்கில் சரசரவென்று விழுந்தது. அடுத்த தொட்டியிலும் அள்ளினார். அதுவும் காய்ந்த நெல்.

என் பக்கம் திரும்பினார். கத்தினால்தான் கேட்கும்.

"சாப்பிட்டாச்சாம்மா?"

"இன்னும் இல்ல மொதலாளி."

"நல்லா சாப்பிடு."

சுமைதூக்குகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நெல்லைத் திரும்ப மூட்டை பிடித்தார்கள். நான் உமி மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

மழை ஐந்து நாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் கொள்ளிடத்தைப் பார்த்தார்கள். மணல் பழுப்பாகிக் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. கண்டக்டர்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார். சம்பா போட்டவர்கள் பிழைத்தார்கள் என்று ஒருத்தர் சொன்னார். பின்னால் இருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டு நானும் அவர்களோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டதைவிடப் பயந்ததுதான் அதிகம். "என்கிட்ட சொல்லியிருந்தா நான் அந்த மாதிரி பேசியிருக்கவே மாட்டேன்க்கா" என்றார். அவர் பயந்தது சரிதான். அடுத்த வருஷம் கடல் குளிரப்போகிறது, ஆடி மழை நன்றாக இருக்கும், ஐப்பசி மழை கொஞ்சம் குறையலாம் என்றார். ஆடி சொன்னபடி நடந்தது. காவிரியும் கொள்ளிடமும் கரை முட்டிப் போயின. ஆனால் ஐப்பசி கார்த்திகையும் சேர்ந்து கொட்டியது. அந்தத் தடவை நான் அவர் பேச்சை மட்டும் நம்பவில்லை. காற்றையும் பார்த்தேன்.

அதை விடுங்கள். குவியலுக்கு வருகிறேன். தார்ப்பாய்க்குள் இருந்த நெல் முக்கால்வாசிதான் காய்ந்திருந்தது. மழை விட்டபோதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கி ஆறவிட்டோம். மேல் நெல்தான் ஆறியது. உள்ளே என்ன ஆனது என்று தெரியாது.

ஆறாம் நாள் வெயில் வந்தது. தார்ப்பாயை உருவினோம். முதலாளி உட்பட எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். வெதுவெது என்று இருந்தது. சூடு இல்லை. ஒரு பிடி எடுத்து மூக்கில் வைத்தேன். கொஞ்சம் அடைந்த வாசனை. புளிப்பு இல்லை. ஒரு நெல்லைக் கடித்தேன். சத்தமாக உடைந்தது.

"என்னக்கா?" என்றாள் சின்னவள்.

"பரப்பு" என்றேன்.

அவள் முதலில் உட்கார்ந்துவிட்டாள். கையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒருத்தி அவள் தலையில் தட்டி எழுப்பினாள். முதலாளி டீ சொல்லப் போனார்.

அடி ஓரத்தில் ஈரம் ஏறிய நெல் இரண்டு கூடை புளித்துப்போயிருந்தது. அதை மாட்டுக்குக் கொடுத்தோம். மீதி முழுக்கத் தேறியது. மற்ற இரண்டு தொட்டி நெல்லையும் தீபாவளி கழித்து ஒவ்வொன்றாக இறக்கினோம். சம்பா வருகிற வரைக்கும் மில் ஓடியது. ஆறு பேரில் ஒருத்தியும் வேலையை விட்டுப் போகவில்லை.